தாம்பரம் மின்சார ரயில் சொல்லும் எரிபொருள் பாடம்



சென்ற வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு சூடான விவாதம் நடந்தது. இங்கிலாந்தில் இருக்கும் ஒரு மாணவர், அந்த நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்ட செய்தியைப் பகிர்ந்து, "உலகத்துக்கே நிலக்கரியைக் கற்றுக்கொடுத்த நாடே அதை விட்டுவிட்டது. நாம் மட்டும் ஏன் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறோம்?" என்று கேட்டிருந்தார். மேடவாக்கத்தில் இருக்கும் இன்னொருவர், "ஏசி நின்றுபோனால் நீ வந்து விசிறுவாயா?" என்று பதில் போட்டார். அதன் பிறகு வந்த எழுபது எண்பது செய்திகளில் பாதி கேலி, பாதி கோபம்.

இருவரும் கேட்டது நல்ல கேள்விதான். நான் வரலாற்று வாத்தியார். அதனால் வரலாற்றிலிருந்தே பதில் சொல்கிறேன். அதற்கு வெகுதூரம் போக வேண்டாம். நீங்கள் எல்லோரும் சீசன் டிக்கெட் வாங்கிப் போய்வந்த கடற்கரை – தாம்பரம் ரயில் பாதையே போதும். ஏறக்குறைய 29 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை, எரிபொருளை மாற்றுவது என்றால் என்ன என்பதைச் சென்ற நூற்றாண்டு முழுவதும் நமக்குச் செய்து காட்டியிருக்கிறது.

முதலில் விறகிலிருந்து ஆரம்பிப்போம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடியது. அந்தக் காலத்து இன்ஜின்கள் பெரும்பாலும் விறகில்தான் ஓடின. நம் பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. வங்காளத்திலிருந்து கப்பலில் வந்தாக வேண்டும். விறகோ பக்கத்துக் காட்டிலேயே கிடைத்தது. சில ஆண்டுகளில் காடுகள் மொட்டையாகத் தொடங்கின. தண்டவாளக் கட்டைக்கும் மரம், இன்ஜினுக்கும் மரம். சென்னை மாகாணத்தில் வனத்துறை உருவான காரணங்களில் இதுவும் ஒன்று. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது பார்க்கிறீர்களே சவுக்குத் தோப்புகள், அந்த மரம் 1860களில் நம் கரையோரத்தில் பெரிய அளவில் நடப்பட்டதே ரயிலுக்கு விறகு வேண்டும் என்பதற்காகத்தான்.

பிறகு நிலக்கரி வந்தது. கவனியுங்கள், அன்றைக்கு நிலக்கரி காட்டைக் காப்பாற்றிய எரிபொருள். இடத்தை அடைக்காது, ஒரே அளவு கரியில் அதிக தூரம் போகும், மழையில் நனைந்தாலும் பெரிய கேடில்லை. விறகை விட்டு நிலக்கரிக்கு யாரும் கெட்ட எண்ணத்தோடு போகவில்லை. அன்றைய சிக்கலுக்கு அது நல்ல தீர்வு. இன்றைய சிக்கலில் பாதி, நேற்றைய தீர்விலிருந்து வந்ததுதான். இது எரிபொருளுக்கு மட்டும் பொருந்துவதில்லை, சரித்திரம் முழுவதும் அப்படித்தான்.

இனி மின்சாரம். பம்பாயில் 1925 பிப்ரவரி 3 அன்று நாட்டின் முதல் மின்சார ரயில் ஓடியது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1931இல், தென்னிந்திய ரயில்வே கடற்கரை – தாம்பரம் மீட்டர் கேஜ் பாதையை மின்மயமாக்கியது. அதைப் புகை பிடிக்காமலா செய்தார்கள்? இல்லை. அன்று யாரும் கரியமில வாயுவைப் பற்றிப் பேசவில்லை. நகரம் தெற்கே வளர்ந்துகொண்டிருந்தது. தியாகராய நகர் உருவாகிக்கொண்டிருந்தது. சைதாப்பேட்டை, பரங்கிமலை, பல்லாவரம் என்று வரிசையாக ஊர்கள் நெருங்கி வந்தன. கரி வண்டியால் அடிக்கடி ஓட முடியாது. நிலையத்துக்கு நிலையம் நின்று வேகமெடுக்க நேரமாகும். கடைசி நிலையத்தில் இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட வேண்டும். தண்ணீர் பிடிக்க வேண்டும், சாம்பல் கொட்ட வேண்டும். மின்சார வண்டியில் ஓட்டுநர் ஒரு முனையிலிருந்து இறங்கி மறுமுனைக்கு நடந்து போனால் வண்டி புறப்படத் தயார்.

ஆக, மாற்றம் நடந்தது அது அன்றாட வேலைக்கு வசதியாக இருந்ததால். மின்சார ரயில் வந்ததும் ஊரே அதைச் சுற்றி வளர்ந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. நகரத்தில் வேலை, புறநகரில் வீடு என்ற வாழ்க்கை இங்கே சாத்தியமானது. நம் பெற்றோர்களில் பலர் தஞ்சாவூர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் மனை வாங்கியது அந்த ரயிலை நம்பித்தான்.

இப்போது ஒரு கேள்வி. வகுப்பில் கேட்டிருந்தால் முதல் பெஞ்சிலிருந்து கை உயர்ந்திருக்கும். 1931இல் சென்னையின் மின்சாரம் எங்கிருந்து வந்தது?

பேசின் பிரிட்ஜ் மின்நிலையத்திலிருந்து. அங்கே எரிந்தது நிலக்கரி. பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் ஓடத் தொடங்கினாலும் அதன் மின்சாரம் போனது கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆலைகளுக்கு. மாம்பலத்திலும் தாம்பரத்திலும் புகை நின்றது. வடசென்னையில் புகைபோக்கி புகைந்தது. எரிபொருள் மாறவில்லை, எரியும் இடம் மாறியது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மின்சார ஸ்கூட்டர் வாங்கியவர்களும், 2025இல் வியாசர்பாடியிலும் பெரும்பாக்கத்திலும் மின்சாரப் பேருந்துகள் வந்ததைப் பார்த்து மகிழ்ந்தவர்களும் குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். நானும் மகிழ்ந்தேன். புகையில்லாமல் நிற்கும் பேருந்து நிறுத்தம் சின்ன வரம் அல்ல. ஆனால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

இடையில் ஒரு கதை. உங்கள் தாத்தா பாட்டி "கரி பஸ்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பேருந்துகள் நிற்கக் கூடாது என்பதற்காக, பின்பக்கம் ஒரு பெரிய உருளையைப் பொருத்தி, அதில் மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து, வரும் வாயுவை வடிகட்டிக் குளிரவைத்து இன்ஜினுக்கு அனுப்பினார்கள். மதுரையில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் இதற்காகவே ஒரு கேஸ் பிளான்ட் வடிவமைத்துக் கொடுத்தார். நாடெங்கும் அப்படிப் பல பட்டறைகள் கிளம்பின. சில ஆண்டுகளுக்குப் பெட்ரோல் இல்லாமலே தமிழ்நாட்டுப் பேருந்துகள் ஓடின என்றால் நம்புவீர்களா? ஓடின.

ஆனால் எப்படி ஓடின? விடியற்காலையில் கிளீனர் எழுந்து நெருப்புப் போட்டு, கை விசிறியைச் சுற்றிச் சுற்றி வாயு வரவைக்க வேண்டும். மேடு வந்தால் வண்டி திணறும். பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். வடிகட்டியை அடிக்கடி சுத்தம் செய்யாவிட்டால் இன்ஜின் கெட்டுவிடும். போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் அந்த உருளைகளை ஒருவரும் வைத்துக்கொள்ளவில்லை. பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன.

கட்டாயத்தால் ஒரு எரிபொருளை விடலாம். கட்டாயம் நீங்கியதும் மனிதர்கள் வசதியான பக்கம் திரும்பிவிடுவார்கள். மின்சார ரயில் நிலைத்தது, கரி பஸ் மறைந்தது. புதியது பழையதைவிட அன்றாடத்துக்குச் சுலபமாக இருந்தால்தான் நிலைக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே இரண்டு சாட்சிகள்.

மீண்டும் ரயிலுக்கு வருவோம். 1931இல் போட்டது 1,500 வோல்ட் நேர்மின்சாரம். 1957இல் இந்திய ரயில்வே 25,000 வோல்ட் மாறுமின்சாரத்தைப் பொது முறையாக எடுத்துக்கொண்டது. 1960களில் நம் பாதையிலும் கம்பி, துணைமின்நிலையம், வண்டி எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. மின்பாதை விழுப்புரம் வரை நீண்டது. ஜப்பானிலிருந்து மீட்டர் கேஜுக்கென்றே மின்சார இன்ஜின்கள் வந்தன. விழுப்புரத்துக்குத் தெற்கே கம்பி கிடையாது. அங்கே மின்சார இன்ஜினைக் கழற்றிவிட்டுக் கரி இன்ஜினோ டீசல் இன்ஜினோ மாட்டுவார்கள். ஊருக்குப் போன விடுமுறைகளில், விழுப்புரம் தாண்டியதும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கண்ணில் கரித்தூள் விழுந்து அழுதவர்கள் உறவினர்களில் பலர் இருக்கிறீர்கள். மின்மயம் வந்து இரண்டு தலைமுறை ஆன பிறகும் அதே பயணத்தில் பாதி தூரம் கரிதான். தென்னக மீட்டர் கேஜ் பாதைகளில் நீராவி இன்ஜின் 1990கள் வரை ஓடியது.

அதோடு முடிந்ததா? அகலப்பாதை வந்தது. 2004இல் கடற்கரை – தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில் நிறுத்தப்பட்டது. அந்த ஜப்பானிய இன்ஜின்களுக்கும் பழைய யூனிட் வண்டிகளுக்கும் வேறு எங்கும் வேலை இல்லை, ஏனென்றால் இந்தியாவில் மீட்டர் கேஜ் மின்பாதை இது ஒன்றுதான். ஆக, ஒரே பாதையில் 73 ஆண்டுகளில் மூன்று முறை வண்டியை மாற்றியிருக்கிறோம். மூன்று முறையும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பொருளைக் கழித்துக்கட்டினோம். மூன்று முறையும் பணம் வேண்டியிருந்தது, ஆட்களுக்குப் புதுப் பயிற்சி வேண்டியிருந்தது. 29 கிலோமீட்டருக்கே இந்தப் பாடு என்றால், ஒரு நாட்டுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தக் கம்பியில் வரும் மின்சாரத்தைப் பார்ப்போம். சுதந்திரத்துக்குப் பிறகு நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்கத் தொடங்கினோம். சோவியத் உதவியுடன் 1962இல் அங்கே அனல்மின் உற்பத்தி ஆரம்பமானது. 1970இல் எண்ணூர் வந்தது. 1980களில் கல்பாக்கம் அணுமின் நிலையம். 1990களில் முப்பந்தலில் காற்றாலைகள் முளைத்தன. காற்றாலைத் திறன் மட்டும் இன்று தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல். 2016இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஆக, நாம் சும்மா இருந்த மாநிலம் அல்ல.

அப்படியானால் 2012இல் ஏன் அவ்வளவு மின்வெட்டு? சென்னை நகருக்கு இரண்டு மணி நேரம், மாவட்டங்களில் அதைப்போல் பல மடங்கு. காற்றாலைகள் இருந்தன. ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் பலமாக அடிக்கும். காற்று நின்றால் வெளிமாநிலத்திலிருந்து வாங்க வேண்டும். வாங்கிக்கொண்டு வரப் போதிய கம்பி இல்லை. தென்மாநிலங்களின் மின்கட்டமைப்பு அதுவரை நாட்டின் மற்றப் பகுதியோடு முழுமையாக இணையவே இல்லை. கர்நாடகத்தின் ராய்ச்சூரிலிருந்து மகாராஷ்டிரத்தின் சோலாப்பூருக்கு 765 கிலோவோல்ட் பாதை போட்டு, 2013 டிசம்பர் 31 அன்றுதான் இணைத்தார்கள். மின்நிலையம் கட்டினால் திறப்புவிழா உண்டு, கல்வெட்டு உண்டு. கம்பிக்கு அது கிடையாது. ஆனால் கம்பி இல்லாமல் காற்றும் வெயிலும் வீண்.

அந்த ஆண்டுகளில் நம் புறநகரில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர். அடுக்குமாடிக்கு அடுக்குமாடி டீசல் ஜெனரேட்டர். பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்களின் கொல்லைப்புறம் முழுவதும் ஜெனரேட்டர் சத்தம். மின்சாரத்தை நம்ப முடியாதபோது மக்கள் எண்ணெய்க்கே திரும்பினார்கள். கரி பஸ் கதைதான் மறுபடி.

இன்றைய சிக்கல் வேறு. தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கத்திரி வெயில் நெருங்கும் நேரம், காற்றாலைப் பருவம் இன்னும் சூடு பிடிக்காத நேரம். பகலில் சூரிய மின்சாரம் கைகொடுக்கிறது. மாலை ஆறரைக்கு வெயில் போய்விடுகிறது. சரியாக அப்போதுதான் நீங்கள் எல்லோரும் வேலையிலிருந்து வந்து விளக்கு, ஏசி, மோட்டார், மிக்ஸி எல்லாவற்றையும் போடுகிறீர்கள். அந்த மாலை வேளையைத் தாங்குவது பெரும்பாலும் நிலக்கரிதான். 2017 மார்ச்சில் 450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையத்தை மூடினோம். 2024 மார்ச்சில் வடசென்னையில் 800 மெகாவாட் புது நிலக்கரி அலகைத் திறந்தோம். முட்டாள்தனத்தால் அல்ல, மாலை ஏழு மணியால்.

பகல் மின்சாரத்தைச் சேமித்து வைக்க வழி இல்லையா? உண்டு. ஆனைமலைப் பக்கம் காடம்பாறையில் 1980களிலேயே 400 மெகாவாட் நிலையம் கட்டியிருக்கிறோம். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணையின் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றிவைத்து, தேவைப்படும்போது திறந்துவிடுவார்கள். மொட்டைமாடித் தொட்டியில் நீங்கள் செய்வதுதான், பெரிய அளவில். ஆனால் 20,000 தேவைப்படும் இடத்தில் 400 எவ்வளவு தூரம் வரும்? அதைப் போல் பல வேண்டும். அதற்கு மலை வேண்டும், காடு அழியும். பெரிய பேட்டரிகள் இப்போது மலிவாகி வருகின்றன, அவையும் வேண்டும்.

செய்தித்தாளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனமாகப் பாருங்கள். "இந்தியாவின் மின்திறனில் பாதி இப்போது நிலக்கரி, எண்ணெய், எரிவாயு அல்லாதது" என்று 2025இல் செய்தி வந்தது. உண்மை. ஆனால் அது திறன். உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்னும் நிலக்கரிதான். வகுப்பில் அறுபது பேர் பெயர் பதிவேட்டில் இருப்பதும், அறுபது பேரும் தினம் வருவதும் ஒன்றா?

கடைசியாக, யாரும் குழுவில் பேசாத ஒரு விஷயம். மின்சார ரயிலில் இன்றும் ஐந்து ரூபாய்க்கு டிக்கெட் கிடைக்கிறது. அது எப்படிக் கட்டுப்படியாகிறது? பயணிகள் கட்டணத்தில் வரும் நஷ்டத்தைச் சரக்குக் கட்டணம் ஈடுகட்டுகிறது. இந்திய ரயில்வே சுமக்கும் சரக்கின் எடையில் ஏறக்குறைய பாதி நிலக்கரி. புரிகிறதா? பல்லாவரத்திலிருந்து பூக்கடை வேலைக்குப் போகும் பெண்ணின் சீசன் டிக்கெட்டில், ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் ஏற்றப்படும் நிலக்கரி ஒரு பங்கு கொடுக்கிறது. நாளைக்கு நிலக்கரி நின்றால் அந்தப் பணத்தை யார் தருவார்கள்? சுரங்கத்தில் வேலை செய்பவர், லாரி ஓட்டுபவர், அவர்களை நம்பி டீக்கடை வைத்திருப்பவர், இவர்களுக்கெல்லாம் என்ன வழி? இங்கிலாந்தில் 1980களில் சுரங்கங்களை மூடியபோது பல ஊர்கள் நொடிந்துபோயின. அதையும் அந்த மாணவர் குழுவில் பகிரலாம்.

இதைச் சொன்னதும், "பார்த்தாயா, சார் நம் பக்கம்" என்று மேடவாக்கத்துக்காரர் மகிழ வேண்டாம். நிலக்கரி மலிவு என்பது, விலையை வேறு யாரோ கொடுப்பதால்தான். எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்து மீனவர்களின் பிழைப்பு கெட்டது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்க விரிவாக்கத்துக்காக, நின்ற நெற்பயிர் மேல் இயந்திரத்தை ஓட்டினார்கள். நம் வீட்டு மின்விசிறி சுற்ற, கதிர்விடும் பயிர் மண்ணுக்குள் போயிற்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடியில் நின்று படகுக்குக் காத்திருந்தவர்கள் உங்களிலேயே பலர். ஏரிகளை அடைத்து வீடு கட்டியது அதற்கு ஒரு காரணம். பூமி சூடாகச் சூடாக அப்படிப்பட்ட மழை இன்னும் கூடும் என்று வானிலை அறிஞர்கள் சொல்கிறார்கள். மாறாமல் இருப்பதற்கும் விலை உண்டு, அந்த விலையைச் செலுத்தும் வரிசையில் தென்சென்னைப் புறநகர் முன்னால்தான் நிற்கிறது.

ஆகவே குழுவில் கேட்ட கேள்விக்கு என் பதில் இது. நிலக்கரியை விடத்தான் வேண்டும். முடியுமா என்றால், முடியும். விறகை விட்டவர்கள் நாம், நீராவியை விட்டவர்கள் நாம். ஆனால் ஒரு பாதைக்கே மூன்று தலைமுறை எடுத்தது. இந்தியா 2070ஐக் குறியாக வைத்திருக்கிறது. இங்கிலாந்து 1882இல் முதல் நிலக்கரி மின்நிலையத்தைத் திறந்து, மூட 142 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அதுவும் நடுவில் கடல் எரிவாயுவின் தோளில் ஏறித்தான். நமக்கு அவ்வளவு காலமும் இல்லை, அந்த எரிவாயுவும் இல்லை. அதனால் கம்பி, சேமிப்பு, வேலை இழப்பவர்களுக்கு மாற்று ஏற்பாடு, இந்த மூன்றையும் மின்நிலையத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதால்தான் 2012 வந்தது.

வீட்டளவில் இரண்டு காரியம். கூரையில் சூரியத் தகடு போட மத்திய அரசு மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. தனிவீட்டுக்காரர்கள் யோசியுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு மொட்டைமாடி பொதுச்சொத்து, தொட்டியும் துணிக்கொடியும் ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும், ஒருவர் ஒப்பினால் ஒருவர் ஒப்பமாட்டார். அடுத்த சங்கக் கூட்டத்தில் பேசுங்கள், குறைந்தது மோட்டாருக்கும் லிஃப்டுக்குமாவது போடலாம். இரண்டாவது, தண்ணீர் மோட்டார், துணி துவைக்கும் இயந்திரம், ஸ்கூட்டர் சார்ஜ் ஆகியவற்றை மாலை ஏழிலிருந்து நண்பகலுக்கு மாற்றுங்கள். காசு செலவில்லை.

மின்வாரியத்திலும் ரயில்வேயிலும் பணிசெய்த மாணவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். கரி பஸ்ஸில் போன பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் சொல்வதைக் கேட்டு அதையும் எழுதுங்கள். குழுவில் சண்டை போட்ட இருவரும் நல்ல பிள்ளைகள். ஒருவருக்கு அவசரம், ஒருவருக்குப் பயம். இரண்டும் இந்த வேலைக்குத் தேவைதான்.

அனைவருக்கும் என் ஆசிகள்.